எல்லாம் நானே செய்துக்குவேன்

வியாழக்கிழமை அதிகாரி வருகிறார் என்ற கடிதத்தை ஜெயம்மாள் மூன்றாவது தடவையாகப் படித்துவிட்டு, முருகன் படத்துக்குப் பின்னால் செருகியதோடு போன வாரம் விட்டோம்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. பால்வாடி வேலைக்கான உத்தரவு. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேராவிட்டால், வேலை வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்குப் போய்விடும். இது நமக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும். தெருவுக்குத் தெரிந்ததற்குக் காரணம் கோவிந்தம்மாள்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள கொல்லைச் சுவரில் ஒரு செங்கல் விழுந்து ஏழு வருஷமாகிறது. அதை அடைக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்கிறவள் அவள்தான். அடைக்க வந்த கொத்தனாரை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவளும் அவள்தான்.

ஜெயம்மாளின் மாமனார் பஞ்சாட்சரத்துக்கு எழுபத்து மூன்று வயது. நாற்பத்தோரு வருஷம் காவடி எடுத்துத் திருத்தணி மலைப்படி ஏறிய மனிதர். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கப் போனவர், சொம்போடு சாய்ந்தார். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. போயிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இருந்திருக்காது.

மகன் மணவாளன் ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் கொட்டகையில் இருக்கிறான். முதல் பஸ்ஸில் போய், சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவான். நைனா என்று கூப்பிடுகிற அப்பா மேல் அவனுக்கு உயிர். அதனாலேயே நைனாவைத் தூக்குகிற நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டான். "அந்தக் கோலத்துல என்னால பாக்க முடியாது ஜெயா" என்று கண் கலங்குவான். பார்க்க முடிகிறவள் தூக்கினாள். துணைக்குக் கோவிந்தம்மாள்.

அரசாங்கம் இந்தத் தாலுகாவில் சோதனையாக ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தது. செயலிழந்த முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை. அதற்குத் தகுதி பார்க்கத்தான் வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். அது கிடைத்தால், ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வேடியப்பன் காலை எட்டிலிருந்து நாலு வரை வந்து மாமனாரைப் பார்த்துக்கொள்வான். பேசியாகிவிட்டது. ஜெயம்மாள் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் வேடியப்பன் இல்லை. வேடியப்பன் இல்லாவிட்டால் பால்வாடியும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் புதன்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள் அம்சா. மணவாளனின் அக்கா. கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரம் சோடாக்கடை வைத்திருக்கிறவரின் மனைவி. இரண்டு பை நிறைய முறுக்கும், பை கொள்ளாத அபிப்பிராயங்களும் கொண்டு வந்திருந்தாள்.

"இன்னா ஜெயா, நைனா எளச்சிட்டாரு?"

"இல்லீங்க அண்ணி. போன மாசத்த விட தேவல."

"எளச்சிட்டாரு," என்று முடிவு சொல்லிவிட்டு அம்சா முறுக்கைப் பிரித்தாள்.

வியாழக்கிழமை விடிந்தது. கிருத்திகை வேறு. பஸ் ஸ்டாண்டிலிருந்தே அரோகரா சத்தம். ஜெயம்மாள் ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தாள்.

இந்த இடத்தில்தான் அவள் ஒரு தப்புச் செய்தாள். கெட்டிக்காரி செய்கிற தப்பு. அதிகாரி தன்னைச் சோதிக்க வருகிறார் என்று நினைத்துவிட்டாள். கிழவரை ஒழுங்காக வைத்திருக்கிறாளா, படுக்கைப் புண் உண்டா, துணி நாறுகிறதா என்று பார்த்துத்தானே பணம் கொடுப்பார்கள்? நியாயம் அப்படித்தானே சொல்கிறது?

ஆகவே மாமனாருக்குத் தலைக்கு ஊற்றினாள். நாவிதர் சேட்டுவை வரவழைத்து முகச்சவரம் செய்வித்தாள். வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம். கட்டில் விரிப்பை மாற்றினாள். சாம்பிராணி போட்டாள். ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாளுக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

"ஏ ஜெயா, இன்னாடி இது, மாப்பிள அழைப்பா?"

"நீ சும்மா இருக்கா."

கிழவர் கட்டிலிலிருந்து அழைத்தார். "எம்மா, அதிகாரி வராரு. படுத்துகினா வாங்கன்னு சொல்றது? தறில எறக்கிடும்மா."

படுத்தபடி வந்தவர்களை வரவேற்பது அந்தத் தெருவில் பிணத்துக்கு மட்டும் உள்ள வழக்கம். ஜெயம்மாள் மறுக்கவில்லை.

தறியில் இறக்குவது என்றால் என்ன என்று போன தடவை படிக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுத் தறி, குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம், நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வார். பஞ்சாட்சரத்தை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், சரிந்தார். சுவரோரம் தலையணை வைத்தார்கள், அப்போதும் சரிந்தார். ஒரு நாள் ஜெயம்மாளுக்குத்தான் தோன்றியது. குழியில் காலை விட்டு, முதுகுக்கு ஒரு பலகை, இடது விலாவுக்கு ஒரு பழைய மெத்தை, நெஞ்சுக்கு முன்னால் தறியின் குறுக்குமரம். ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார் மனிதர். பாதி நெய்து நின்ற லுங்கியின் பாவு நூல்கள் எதிரே விரிந்திருக்கும். முகத்தில் பழைய களை வந்துவிடும்.

குழிக்கு வெளியே தெரிகிற பஞ்சாட்சரத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் குழிக்குள்ளே இருந்தது.

வலது கைக்குப் பக்கத்தில் வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உலக்கை ஒன்று எப்போதும் இருக்கும். அதில் மாமனாரும் மருமகளும் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். மரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் வெற்றிலை. மூன்று தட்டினால் கொல்லைப்புறம். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. கோவிந்தம்மாளுக்கும் இது தெரியும். தெரிந்தும் இதை மட்டும் அவள் தெருவில் சொன்னதில்லை. அவளிடமும் அப்படி ஒரு அறை பூட்டிக் கிடந்தது.

பத்து மணிக்கு அதிகாரி கோதண்டபாணி வந்து சேர்ந்தார். கக்கத்தில் கோப்பு, காதில் பென்சில், ஒரு கண் சிவப்பு. பஸ் ஸ்டாண்டு நெரிசலில் யாருடைய காவடியிலிருந்தோ மயிலிறகு கண்ணில் குத்திவிட்டதாம்.

"பஞ்சாட்சரம் வீடு?"

ஜெயம்மாள் வாயைத் திறப்பதற்குள் அம்சா முன்னே போய்விட்டாள். "வாங்க சார், வாங்க. அதோ தறில உக்காந்துகினு கீறாரு பாருங்க, எங்க நைனா!"

கோதண்டபாணி பார்த்தார். விபூதியும் சந்தனமுமாக ஒரு பெரியவர் தறி முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் நெய்யறீங்களா பெரியவரே?"

"ஆங்! கைத்தொழில உட முடியுமா சார்?" என்று பஞ்சாட்சரம் வலது கையால், குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை ஒரு தள்ளுத் தள்ளினார். அது பாவுக்குள் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. கோதண்டபாணிக்கு நெசவு தெரியாது. அது போக வேண்டிய தூரமே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.



அதிகாரி பாரத்தை எடுத்து விளக்கினார். மொத்தம் பன்னிரண்டு கேள்வி. 'முடியாது' என்கிற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மார்க். எட்டும் அதற்கு மேலும் வந்தால் முழுத் தொகை. ஐந்திலிருந்து ஏழு என்றால் பாதி. அதற்குக் கீழே போனால் ஒன்றுமில்லை. வயது, வறுமை, எத்தனை வருஷம் உழைத்தார் என்பதற்கெல்லாம் இதில் மார்க் கிடையாது. கமிட்டி உட்கார்ந்து பேசி வைத்த முறை.

ஜெயம்மாள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பரீட்சை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் தோற்றவனுக்குப் பாஸ் போடுகிற பரீட்சையை இப்போதுதான் பார்க்கிறாள். சவரம் செய்வித்தது, சந்தனம் வைத்தது, சாம்பிராணி போட்டது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"தானா உக்கார முடியுமா?" என்று கேட்டுவிட்டு அதிகாரியே சிரித்தார். "அதான் உக்காந்திருக்கீங்களே." பென்சில் ஒரு கோடு போட்டது.

"நிக்க?"

"நிப்பேன்."

"பத்தடி நடக்க?"

"பத்தடி இன்னா சார், கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வருவேன்."

ஜெயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னே வந்தாள். "சார், அது வந்து..."

"எம்மா," என்றார் கிழவர் அவளைப் பாராமலே, "சாருக்குக் காபி கொண்டாம்மா."

வெளியார் முன்னால் மாமனார் பேச்சை வெட்டிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. உள்ளே போனாள். காபியோடு திரும்புவதற்குள் ஆறாவது கேள்வி முடிந்திருந்தது.

"குளிக்கறது?"

"எல்லாம் நானே செய்துக்குவேன் சார்."

"சார், ஒரு நிமிஷம்..." என்றாள் ஜெயம்மாள் மறுபடி.

இந்த முறை வெட்டியது அம்சா. "எங்க நைனாவுக்கு இன்னா கொறச்சல் சார்? மகாராஜா மாதிரி கீறாரு. யாருக்கும் ஒரு பாரம் இல்ல." சொல்லிவிட்டு ஜெயம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் அப்பாவை நொண்டி என்று எழுதி வைக்கப் பார்க்கிறாயா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

பன்னிரண்டும் முடிந்தது. கோதண்டபாணி கூட்டிப் பார்க்க அவசியமே இல்லாமல் போயிற்று. பூஜ்யம்.

"நல்ல தேகம் பெரியவரே. உங்களுக்கு இந்த உதவி தேவைப்படாது. சந்தோஷமான விஷயம்தான்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் பென்சிலால் குறித்து, ஆபீசுக்குப் போய்த்தான் மையால் எழுதுவார். "சாயங்காலம் பேனா போட்டு அனுப்பிடறேன்."

கோப்பின் நாடாவைக் கட்டினார். ஜெயம்மாள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை, பால்வாடி, வேடியப்பன் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது போலிருந்தது.

அதிகாரி உடனே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெளியே வெயில். மலையில் கூட்டம். கொஞ்சம் குறைந்த பிறகு சாமி பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. எதிரே முறுக்குத் தட்டு வேறு. ஒன்றைக் கடித்துக்கொண்டு, "காவடி எடுத்திருக்கீங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

பஞ்சாட்சரத்திடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஒரு வருஷம் மழையில் காவடி தூக்கினது, ஒரு வருஷம் நூறாவது படியில் கால் பிசகினது என்று ஆரம்பித்தார். எட்டாவது வருஷக் காவடிக்கு வந்தபோது குரல் லேசாகத் தடுமாறிற்று.

டக். டக். டக்.

அடுப்படியில் இருந்த ஜெயம்மாள் நிமிர்ந்தாள். மணி பதினொன்று தாண்டியிருந்தது. பதினோரு மணிக்கு அவரைத் தூக்குவது வழக்கம்.

அவள் வாசற்படிக்கு வந்தபோது, "வெத்தல இடிக்கணுமா? குடுங்க, நான் இடிக்கறேன்" என்று கோதண்டபாணி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

கிழவர் உலக்கையைக் கொடுக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

அந்த ஒரு நொடியில் ஜெயம்மாளுக்கு எல்லாம் புரிந்தது. இப்போது ஒரு வார்த்தை போதும். 'சார், இவரைத் தூக்கணும், பாருங்க.' பூஜ்யம் மாறிவிடும். ஆனால் பெற்ற மகனுக்குக்கூடக் காட்டாமல் பதினான்கு மாதம் அவர் மூடி வைத்திருந்ததை, முறுக்குத் தின்றுகொண்டிருக்கிற ஒரு அன்னியர் முன்னால் எப்படித் திறப்பது?

"சார்," என்றாள், "மலைக்குப் போணும்னீங்களே. நாழியாகுது."

"கூட்டம் குறையட்டும்மா."

"இல்ல சார், மத்தியானம் நடை சாத்திடுவாங்க."

"கிருத்திகையாச்சே, சாத்த மாட்டாங்க."

டக். டக். டக்.

"சார், அடுத்த வீட்டுக்கு வேற போவணும் நீங்க. அவங்க காத்துகினு இருப்பாங்க. கெளம்புங்க சார், புண்ணியமா போவும்." குடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவரும் வேறு வழியில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஒரு மருமகள் அதிகாரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்புவதை அம்சா வாய் பிளந்து பார்த்தாள். சுவர் ஓட்டையில் ஒரு கண் இமைக்காமல் இருந்தது.

பஞ்சாட்சரமும் பார்த்தார். கைக்கு வந்த பால்வாடி வேலையை அவள் தானே தெருவுக்குத் தள்ளிக் கதவைச் சாத்துகிறாள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. எதற்காகச் சாத்துகிறாள் என்பதும்.

உலக்கையைக் கீழே வைத்தார்.

"சார், செருப்ப அவுத்துட்டு இப்பிடி வாங்க."

"என்ன பெரியவரே?"

"என்ன தூக்கணும். பொம்பளைங்க ரெண்டு பேரு தெனமும் தூக்கறாங்க. இன்னிக்கு நீங்களும் ஒரு கை குடுங்க. சீக்கிரம்."

கோதண்டபாணி ஏதோ மரியாதைக்குக் கை கொடுத்து எழுப்புவது என்று நினைத்துக்கொண்டு வந்தார். ஜெயம்மாள் அதற்குள் குழிக்குள் இறங்கியிருந்தாள். பழைய நூல் சேலையை மாமனாரின் அக்குளுக்கு அடியில் சுற்றி இரண்டு முனைகளையும் மேலே வீசினாள். ஒரு முனையைக் கோவிந்தம்மாள் பிடித்தாள். அவள் வாசல் வழியாக வந்தாளா, சுவர் ஏறி வந்தாளா என்று யாரும் பார்க்கவில்லை.

"சார், அந்த முனைய கைல ரெண்டு சுத்து சுத்திக்கோங்க," என்று உத்தரவிட்டாள் கோவிந்தம்மாள். "முறுக்கு தின்ன கை, வழுக்கும். வேட்டில தொடச்சிக்கோங்க."

"ஒண்ணு, ரெண்டு, ஏலே!"

குழிக்குள்ளிருந்து ஜெயம்மாள் இரண்டு முழங்கால்களையும் தோளில் தாங்கித் தள்ளினாள். மேலே இரண்டு பேரும் இழுத்தார்கள். பாதி தூரம் வந்த பஞ்சாட்சரம் இடது பக்கமாகச் சரிந்து அதிகாரியின் மேல் மொத்தமாக விழுந்தார். அவர் முழங்காலிட்டுத் தாங்கிக்கொண்டார். இடது கால் தரையில் இழுபட்டு வந்தது. இவ்வளவு நேரம் கடைத்தெரு வரைக்கும் நடந்த கால் அது.

கொல்லைக்குப் போய்ச் சேரும்போது கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

அம்சா முறுக்குத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். வருஷத்தில் ஆறு தடவை வந்து போகிறவள். அவள் வருகிற நாட்களில் ஜெயம்மாள் ஏதாவது சொல்லி அவளைக் கடைக்கோ கோயிலுக்கோ அனுப்பிவிட்டுத்தான் இதைச் செய்வாள்.

"தெனமுமா ஜெயா?" என்று கேட்டாள்.

"நாலு வாட்டி அண்ணி."

அம்சாவிடமிருந்து அபிப்பிராயம் எதுவும் வரவில்லை. அந்த வீட்டில் அது முதல் தடவை.

கிழவரைக் கழுவித் துடைத்து, வேறு வேட்டி கட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கோவிந்தம்மாள் வந்த வழியே தன் பக்கம் போய்விட்டாள். கோதண்டபாணி தரையிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கோப்பின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். பென்சிலின் பின்பக்கத்து ரப்பரால் பன்னிரண்டு கோட்டையும் அழித்தார். ஊதினார்.

"பெரியவரே, மறுபடி ஆரம்பிக்கலாமா?"

"கேளுங்க."

"தானா உக்கார முடியுமா?"

"முடியாது."

"நிக்க?"

"முடியாது."

"நடக்க?"

"முடியாது சார். பொய் சொன்னேன்." சொல்லச் சொல்லக் கிழவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நாற்பத்தோரு வருஷக் காவடியைச் சொன்ன அதே மிடுக்கோடு ஒவ்வொன்றுக்கும் முடியாது, முடியாது என்றார். எட்டாவது கேள்வி, அடக்கிக்கொள்ள முடியுமா என்பது. அதை அதிகாரி கேட்கவில்லை. நனைந்திருந்த தன் முழங்காலை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரே குறித்துக்கொண்டார்.

"சாப்பாடு?"

"அதுவும் முடியாது! ஊட்டணும்!"

"இல்ல மாமா," என்றாள் ஜெயம்மாள். "சோறு நீங்களேதான சாப்புடறீங்க."

ஓட்டை வழியாகக் கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

கோதண்டபாணி அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்காமல், சாப்பாட்டுக்கு எதிரே 'முடியும்' என்று போட்டார். ஆட்களை அடையாளம் தெரியுமா என்றதற்கும், வேண்டியதைச் சொல்ல முடியுமா என்றதற்கும் அப்படியே. கடைசிக் கேள்வி, தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா. "முடியாது" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம்.

பென்சில் முனையால் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தார். ஜெயம்மாளும் மனசுக்குள் எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு.

"ஒன்பது," என்றார். "முழுத் தொகை."

ஜெயம்மாள் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு மாதமாக இடுப்பை விட்டு இறங்காத ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

"ஏம்மா, ரொம்ப நல்லா பாத்துக்கறே. அதான் வம்பாப் போச்சு," என்றார் கோதண்டபாணி, கோப்பைக் கட்டிக்கொண்டே. "நல்லா பாத்துக்கறதுக்கு இந்தப் பாரத்துல கட்டமே இல்ல."

வாசல் வரை அவள் கூட வந்தாள். தெருவில் இறங்கிய அதிகாரி, எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார். கோப்பின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"இதே விலாசத்துலேருந்து மூணு வாரம் முன்னாடி வந்தது. எந்தக் கோப்புல சேக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன். அவர் ஏன் எல்லாத்துக்கும் முடியும் முடியும்னார்னு இப்பதான் எனக்கு விளங்குது. இனிமே இது வேண்டாம். நீயே வெச்சுக்கோ."

அவர் குடையை விரித்துக்கொண்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு கலந்து போய்விட்டார். ஜெயம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பிரித்தாள். ஒற்றைக் கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியாமல் எழுதிய கோணல் எழுத்து.

'ஐயா, என் மருமகளுக்கு அரசாங்க வேலை கிடைக்க இருக்கிறது. என்னால் அது கெடக் கூடாது. முதியோர் விடுதியில் நடமாட்டம் உள்ளவர்களை மட்டும் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு யார் உதவியும் தேவையில்லை. எல்லாம் நானே செய்துகொள்வேன். என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.'

இரண்டு தடவை படித்தாள். உள்ளே கட்டிலில், "எம்மா, அதிகாரி போய்ட்டாரா? முறுக்கு நல்லா தின்னாரு" என்று கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டிலை விட்டு நகர முடியாதவர் இதை எப்படித் தபாலில் போட்டார் என்று அப்புறம்தான் தோன்றியது. கவரைத் திருப்பினாள். விலாசம் வேறு கையெழுத்து. திருத்தணி என்று எழுதி அடியில் இரண்டு கோடு போடுகிற பழக்கம் இந்த வீட்டில் ஒருத்தருக்குத்தான் உண்டு. 'அரசாங்கக் காசுல எங்க நைனாவ வெச்சுக்கறதா, நாலு பேரு இன்னா சொல்வாங்க' என்று இரண்டு வாரமாகக் குதித்த அதே ஆள், அவள் புருஷன்.

கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஒன்பது மார்க் வாங்கின நாளில் அதற்கு இடமில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் அவள் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பதே விசேஷம். அம்சா பரிமாறினாள். சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பழைய சேலையைக் கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஜெயா, இத எப்பிடிச் சுத்தறது? காட்டு. மாசத்துல ரெண்டு நாளு நான் வந்து இருந்துட்டுப் போறேன்." கொஞ்சம் நிறுத்தி, "நைனா எளைக்கல. நான்தான் கண்ண மூடிகினு சொல்லிட்டேன்" என்றாள்.

நாலு மணிக்குள் தெரு முழுக்க ஒன்பது என்ற எண் பரவிவிட்டது. கோவிந்தம்மாள் அதைப் பத்தாக்கி வைத்திருந்தாள். உலக்கை விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டாள். அதிகாரிக்கு வெற்றிலை இடிக்க ஆசை வந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆறரை மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு மணவாளன் உள்ளே வந்தான். தெருமுனையிலேயே சேதி கிடைத்துவிட்டது போலும். முகமெல்லாம் சிரிப்பு.

"பத்து மார்க்காமே ஜெயா!"

"ஒன்பது."

"ஒன்பதோ பத்தோ! அப்போ நைனா இங்கயேதான் இருப்பாரு, இல்ல?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் ஒரு நடுக்கம் இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கல்லோடு பஸ் ஏறி இறங்கினவன் கேட்கிற மாதிரி. ஜெயம்மாள் அவனை நன்றாகப் பார்த்தாள். இடுப்பில் கவர் சரசரத்தது.

"உங்கள ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

டக். டக். டக்.

மணவாளன் வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பினான். ஜெயம்மாள் கொடியிலிருந்து பழைய சேலையை உருவி, அவன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"இன்னா கேக்கணும்?"

"அது அப்புறம். மொதல்ல தூக்குங்க."